மீன் தொட்டியின் அடியில் எந்த மண்?

மாரெட்பள்ளியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டு வகைத் தண்ணீர் பழக்கம். ஒன்று, நகரக் குடிநீர் வாரியத்தின் குழாயில் முறை வைத்து வருவது. மற்றொன்று, போர் போட்டு மோட்டார் வைத்து மாடித் தொட்டிக்கு ஏற்றுவது. துவரம் பருப்பு எதில் சீக்கிரம் வேகும், எதில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் விறைத்துக்கொண்டு நிற்கும் என்பது வீட்டுப் பெண்மணிகளுக்கு நன்றாகத் தெரியும். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் காரையைச் சுரண்டிச் சுரண்டிக் கை சலித்தவர்கள் அவர்கள். ஆனால் அதே வீட்டின் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து வண்ண மீன் வளர்ப்பவர்கள் மட்டும் இந்த வித்தியாசத்தை எண்ணிப் பார்ப்பதில்லை.

புதுத் தொட்டி வாங்கி, விளக்குப் போட்டு, காற்றுக் குழாய் வைத்து, பத்து மீன்களை விட்டால் ஒரு வாரத்தில் நாலு செத்து மிதக்கின்றன. கடைக்காரர் சீக்கு மீனைக் கொடுத்துவிட்டார் என்று சிலர் சொல்வார்கள். கண் பட்டுவிட்டது என்று பாட்டி சொல்வார். தொட்டியின் அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்ப்பவர் குறைவு. பெரும்பாலும் அங்கே நீலமும் சிவப்புமாகச் சாயம் தோய்த்த ஜல்லிதான் கிடக்கும். பார்வைக்குக் கல்யாணப் பந்தல் போல இருக்கும். செடிக்கு அதனால் உபயோகமில்லை.

தொட்டியின் அடித்தளம் அலங்காரத்துக்கு மட்டும் போடப்படுவதல்ல. குளத்துக்கு அடிமண் எப்படியோ, தொட்டிக்கும் அப்படியே. செடிக்குச் சோறு அங்கேதான் இருக்கிறது. மீனின் கழிவு செரிப்பதும் அங்கேதான்.

அடியில் நடக்கும் வேலை

மீன் தின்னும் தீனியில் ஒரு பகுதி அமோனியாவாகத் தண்ணீரில் கலக்கிறது. அமோனியா மீனுக்கு விஷம். மணல் மணிகளின் மேல் ஒட்டி வாழும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. நைட்ரைட்டும் விஷமே. நைட்ரேட் அவ்வளவு கெடுதலில்லை. செடிகளுக்கு அது உரம். இந்த வேலையைச் செய்யும் நுண்ணுயிர்களைத் தனியே பிரித்துக் காட்டியவர் செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் அதைச் செய்தார். புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் பெருகுவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்குள் மீனை விட்டுவிடுகிற அவசரமே முதல் வாரச் சாவுகளுக்குப் பெரும்பாலும் காரணம்.

மாரெட்பள்ளிக்காரர்கள் இங்கே ஒன்றைச் சேர்த்துக் கவனிக்க வேண்டும். அமோனியாவின் கொடுமை தண்ணீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. பி.எச். என்ற அளவு ஒரு படி ஏறினால், விஷத்தன்மையுள்ள அமோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. போர்த் தண்ணீர் பொதுவாகக் காரப் பக்கம் சாய்ந்தது. சித்திரை, வைகாசி வெயிலில் தண்ணீர் சூடேறினால் விஷத்தின் பங்கு இன்னும் கூடும். பிராணவாயுவோ சூட்டில் குறையும். மென்னீர் உள்ள ஊரில் தப்பிப் பிழைக்கும் மீன் இங்கே பிழைப்பதில்லை என்றால் அதில் மர்மம் ஒன்றுமில்லை.

செடிக்கு வருவோம். வெறும் மணல் செடியைப் பிடித்துக்கொள்ளும், சோறு போடாது. களிமண்ணோ சுண்ணாம்பு, மக்னீசியம், பொட்டாஷ், இரும்பு, அமோனியம் ஆகியவற்றைத் தன் மேல் ஒட்ட வைத்துக்கொண்டு, வேர் கேட்கும்போது விட்டுக் கொடுக்கிறது. மளிகைக் கடைக்காரரின் பற்று வரவு போல என்று சொல்லலாம். மேலும், மணலுக்கு அடியில் காற்றுப் படாத மண்ணில் துருவாக இருக்கும் இரும்பு கரையும் நிலைக்கு மாறுகிறது. அப்போதுதான் வேர் அதை எடுக்க முடியும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும் செடிகளுக்கு இரும்புக் குறைவே பெரும்பாலும் காரணம்.

லண்டனிலிருந்து அங்காடிப்புரம் வரை

வீட்டுக்குள் மீன் வளர்க்கும் பழக்கம் சீனத்தில் மிகப் பழையது. ஆனால் செடி, மீன், மண் மூன்றும் ஒன்றையொன்று தாங்கும்படி தொட்டி அமைக்கலாம் என்பதை ரசாயன முறையில் எடுத்துக் காட்டியவர் ராபர்ட் வாரிங்டன் என்ற ஆங்கிலேய ரசாயனி. லண்டன் ரசாயனச் சங்கத்துக்கு 1850-ல் அவர் அளித்த கட்டுரையில், ஏறக்குறைய 12 காலன் பிடிக்கும் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் இரண்டு தங்க மீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச் செடியையும் வைத்ததைச் சொல்கிறார். அடியில் அவர் போட்டது மணலும் சேறும் கற்களும். செடியின் அழுகிய இலைகளால் தண்ணீர் கெட்டது. நத்தைகளை விட்டார்; தண்ணீர் தெளிந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1853-ல், லண்டன் மிருகக்காட்சி சாலையில் பொதுமக்களுக்கான மீன் மனை திறக்கப்பட்டது. அந்தப் பித்து உலகெங்கும் பரவி, 1909-ல் சென்னைக் கடற்கரைக்கும் ஒரு மீன் காட்சிச் சாலையைக் கொண்டு வந்து சேர்த்தது.

செகந்திராபாத்துக்கு ரயில்வே வேலையாகவும் ராணுவக் கணக்கு வேலையாகவும் வந்து தங்கிவிட்ட தமிழர்களில் வயதானவர்களுக்கு மீன் என்றால் மூர் மார்க்கெட் நினைவுதான் வரும். 1985-ல் தீக்கிரையான அந்தச் சிவப்புக் கட்டடத்தின் பக்கம் பள்ளிக்கூட நாளில் போய், ஜாம் பாட்டிலில் ஒரு ஜோடி மீன் வாங்கி, கையில் தூக்கிப் பிடித்தபடி வந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த பாட்டிலின் அடியில் மண்ணும் இல்லை, மணலும் இல்லை. மீன் நிலைக்காததில் ஆச்சரியமில்லை.

பின்னாளில் மண்ணின் பக்கம் கவனத்தைத் திருப்பியவர்கள் மேற்கு ஜெர்மனியின் காஸ்பர் ஹோர்ஸ்ட், ஹோர்ஸ்ட் கிப்பர் இருவரும். கிழக்கு நாடுகளின் ஓடைகளில் கிரிப்டோகோரைன் என்ற நீர்ச் செடிகள் எந்த மண்ணில் செழிக்கின்றன என்று பார்த்தார்கள். செம்புறாங்கல் மண் அவர்கள் கண்ணில் பட்டது. அதைப் பொடித்துத் தொட்டியின் அடியில் இடும் முறையை அவர்கள் பரப்பினார்கள். 1986-ல் அவர்களுடைய நூல் ஆங்கிலத்தில் வந்த பிறகு, அமெரிக்க வீடுகளில் எல்லாம் சிவப்புப் பொடி பொட்டலம் பொட்டலமாக விலைக்கு வந்தது. இத்தனைக்கும் இந்தச் செடிகளில் வெண்டி, பெக்கெட்டி என்று பெயர் சூட்டப்பட்டு உலகத் தொட்டிகளில் எல்லாம் வளர்பவை இலங்கையின் சொந்தச் செடிகள்.

அந்தச் செம்புறாங்கல்லுக்கு லாட்டரைட் என்று பெயர் வைக்கப்பட்டதே நம் நாட்டில்தான். திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடம், மலபார் வழியாகச் சுற்றி வந்த பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர், மலபாரின் அங்காடிப்புரத்தில் ஜனங்கள் மண்ணைக் கோடரியால் வெட்டிச் செங்கல் போல அடுக்கி வீடு கட்டுவதைக் கண்டார். லத்தீன் மொழியில் செங்கல்லுக்கு ‘லேட்டர்’ என்று பெயர். அதிலிருந்து அவர் உண்டாக்கிய சொல்லே லாட்டரைட். அவருடைய பயண நூல் 1807-ல் வெளியாயிற்று. நம் ஊர்க் கல்லை ஜெர்மானியர் பொட்டலம் கட்டி விற்றதை நினைத்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

நகரைச் சுற்றி நாலு வகைப் பூமி

ஐதராபாத்தைச் சுற்றியுள்ள பூமியைப் போல மீன் தொட்டிக்காரருக்கு வாய்ப்பான இடம் அதிகமில்லை. மாரெட்பள்ளி நிற்பது கருங்கல் பாறையின் மேல். வானம் தெளிவாக இருக்கும் நாளில் மௌலா அலி குன்றைப் பார்த்தாலே போதும். ஊர் முழுவதற்கும் அடியில் கிடப்பது அதே ஜாதிப் பாறைதான். ஏறக்குறைய 250 கோடி ஆண்டு வயது சொல்கிறார்கள். இந்தக் கல் மழையிலும் வெயிலிலும் சிதைந்து உண்டானதே இங்கத்திய செம்மண். தெலுங்கில் செல்கா பூமி என்பார்கள். வீடு கட்டுபவர்கள் மொரம் என்று லாரியில் கொட்டுவதும் இந்தச் சிதைவையே. பொட்டாஷ் அடங்கிய தாதுக்களும் இரும்புத் துருவும் இதில் உண்டு. ஆனால் இதிலுள்ள களி பெரும்பாலும் கயோலின் வகை. சத்துக்களைப் பிடித்து வைக்கும் சக்தி அதற்குக் குறைவு.

மேற்கே சேவெள்ளா, விகாராபாத் பக்கம் போனால் பூமியின் நிறமே மாறிவிடும். அது எரிமலைக் குழம்பு இறுகிய தக்காணப் பாறை. சுமார் ஆறரைக் கோடி ஆண்டு வயதுடையது. அதிலிருந்து பிறந்தது கரிசல். தெலுங்கர் ரேகடி என்று சொல்வதைத்தான் ஆங்கிலேயர் ரேகர் என்று எழுதிக்கொண்டார்கள். கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்குக் கரிசலின் குணத்தை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. நனைந்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும். கரிசலில் உள்ள களி, சத்துக்களைப் பிடித்து வைப்பதில் கயோலினைப் போலப் பத்து மடங்கும் அதற்கு மேலும் வல்லது. ஆனால் அதில் ஒரு வில்லங்கம் உண்டு. கரிசலுக்குள் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கற்கள் கலந்து கிடக்கும். அவை சுண்ணாம்பே.

இன்னும் மேற்கே ஜஹீராபாத், பீதர் மேட்டு நிலத்தில் செம்புறாங்கல்லே கிடைக்கிறது. பீதர் கோட்டை கட்டப்பட்டது பெரும்பாலும் அந்தக் கல்லால்தான். விகாராபாத் மாவட்டத்துத் தாண்டூரிலோ சுண்ணாம்புப் பாறை. மாரெட்பள்ளி வீடுகளின் தரையில் பதித்திருக்கும் தாண்டூர்க் கல்லும், எல்லை தாண்டிக் கர்நாடகத்திலிருந்து வரும் ஷாபாத் கல்லும் அந்த வகை.

இத்தனையும் அரை நாள் பயணத்துக்குள். இருந்தும், ஜப்பானிலிருந்து பை பையாக வரும் மண்ணுக்கு வாங்குவோர் குறையவில்லை.

ஜப்பான் மண்ணும் போர்த் தண்ணீரும்

அந்த மண்ணைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. தகாஷி அமானோ என்ற ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் (1954–2015) நீருக்குள் மலையும் புல்வெளியும் அமைத்து உலகத்தை வியக்க வைத்தவர். 1982-ல் அவர் தொடங்கிய நிறுவனம் பிற்காலத்தில் கருமண்ணைச் சிறு உருண்டைகளாக்கிச் சூட்டில் பதப்படுத்தி விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதைப் பார்த்து வேறு பலரும் செய்தார்கள். இந்த உருண்டைகள் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பை உறிஞ்சிக்கொண்டு தண்ணீரைச் சற்றே புளிப்புப் பக்கம் கொண்டு போகும். மென்னீரில் வாழும் நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்ற அமேசான் மீன்களுக்கும் பல நீர்ச் செடிகளுக்கும் அது பிடிக்கும்.

ஜப்பானில் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். அங்கே உருண்டைகளுக்கு அதிக வேலையில்லை. மாரெட்பள்ளிப் போர்த் தண்ணீரில் விடுங்கள். ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் புதிதாகச் சுண்ணாம்பு வந்து சேருகிறது. மண் உறிஞ்சுகிறது, மறுபடி உறிஞ்சுகிறது, பிறகு நிரம்பிப்போய் நின்றுவிடுகிறது. குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது என்றும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. இந்தப் பாறை நாட்டில் 200-ஐத் தாண்டும் கிணறுகள் அபூர்வமல்ல. அப்படிப்பட்ட தண்ணீரில் பல ஆண்டு உழைக்க வேண்டிய மண்ணின் அந்தச் சக்தி சில மாதங்களிலேயே தீர்ந்துவிடும். மிஞ்சுவது விலை உயர்ந்த சாதாரண மண். தவிர, இவ்வகை மண்களில் சில முதல் சில வாரங்கள் அமோனியாவை வேறு கக்கும். காரத் தண்ணீரில் அது என்ன செய்யும் என்பது மேலே சொல்லப்பட்டது.

ஆகவே மண்ணை வாங்கும் முன் தண்ணீரைச் சோதிப்பதே முறை. கடினத்தன்மை பார்க்கும் சொட்டு மருந்தும் பி.எச். காகிதமும் மீன் கடைகளிலேயே கிடைக்கின்றன. 1965 முதல் மஞ்சீரா நீரும், 2004 முதல் கிருஷ்ணா நீரும், 2015 முதல் கோதாவரி நீரும் நகரத்துக்கு வருகின்றன. ஆற்று நீர் பொதுவாகப் போர்த் தண்ணீரைவிட மெதுவானது. அதில் குளோரின் இருக்கும். வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துப் பிறகு ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் போதாதவர்கள், குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தின் நீரில் ஒரு பங்கும் போர்த் தண்ணீரில் ஒரு பங்கும் கலந்தால் கடினம் ஏறக்குறையப் பாதியாகும். தனி ஆர்.ஓ. நீர் ஆகாது, அதில் தாது உப்பு அநேகமாக இராது.

போர்த் தண்ணீர்தான் கதி என்றால் அதற்கேற்ற மீனைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் கடின நீரில் குஷியாகப் பெருகும். ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிகா ஏரி மீன்களுக்குக் காரத் தண்ணீர் வேண்டும். அதற்காக அயல்நாட்டுக்காரர்கள் சுண்ணாம்புக் கல் தேடி அலைகிறார்கள். மாரெட்பள்ளியில் அது செலவில்லாமல் வருகிறது.

மொட்டை மாடியில் மண் காய்ச்சல்

டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1999-ல் வெளியிட்ட நூல், தோட்டத்து மண்ணையே ஓர் அங்குலம் இட்டு, மேலே சரளை பரப்பி, செடிகளை நெருக்கமாக நட்டால் போதும் என்று காட்டியது. விலை கொடுத்து வாங்கும் உரமும் வாயு உருளையும் இல்லாமலே தொட்டிகள் செழித்தன. அவரைப் பின்பற்றியவர்களில் சிலர் இன்னொரு படி மேலே போய், மண்ணை முன்கூட்டியே பதப்படுத்தினார்கள். மண்ணிலுள்ள மக்கிய இலை, சாணம் முதலியவை தொட்டிக்குள் அழுகினால் தண்ணீர் கெடும். அவை வெளியிலேயே சிதைந்து தாதுச் சத்தாக மாறிவிட்டால் கவலையில்லை. அதுதான் யுக்தி.

இந்த வேலைக்குத் தெலங்கானா வெயில் கடவுள் கொடுத்த வரம். செம்மண் மூன்று பங்கு, கரிசல் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளலாம். கரிசல் அதற்கு மேல் போனால் தண்ணீர் கலங்கிக்கொண்டே இருக்கும். அடுக்குமாடிக்குக் கடைக்கால் தோண்டும்போது வரும் செம்மண் நல்லதே. பழைய பங்களாக்கள் இடிபட்டு வரும் மாரெட்பள்ளியில் அதற்குப் பஞ்சமும் இல்லை. ஆனால் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த மேல் மண்ணைத் தொடக் கூடாது. ஆழத்து மண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். நர்சரியில் எரு கலந்து மூட்டையில் விற்கும் மண்ணும் வேண்டாம். பூச்சி மருந்து அடித்த வயல் மண் கூடவே கூடாது.

மண்ணைச் சலித்துக் கல், வேர், முக்கியமாகச் சுக்கான் கற்களைப் பொறுக்கி எறிய வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியில் மண்ணைப் போட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கி, இரண்டு மூன்று நாள் ஊற வைத்து, மிதக்கும் குப்பையையும் மேல் நீரையும் வடித்துவிட வேண்டும். பிறகு மாடியில் பழைய தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பிக் காய வைப்பது. காய்ந்து வெடித்ததும் உடைத்து, மறுபடி ஊற வைத்து, மறுபடி காய வைப்பது. இப்படி மூன்று நான்கு தடவை. ஏப்ரல், மே மாதத்தில் தொடங்கினால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். வடாம் பிழியும் பருவமும் அதுதான் என்பதால், மாடியில் யாருக்கு எந்தப் பக்கம் என்பதை வீட்டுக்குள் முதலில் பேசி முடித்துக்கொள்வது நலம்.

வாசனையே அறிகுறி. முதல் தடவை ஊறிய மண் சேற்று நாற்றம் அடிக்கும். நான்காம் தடவை, முதல் மழை விழுந்த தரை போல மணக்கும். அப்போது மண் தயார்.

இரண்டடி நீளம், ஓரடி அகலமுள்ள தொட்டிக்கு ஓர் அங்குலக் கனத்துக்குச் சுமார் ஐந்து லிட்டர் மண் போதும். அதைப் புட்டு மாவுப் பதத்தில் ஈரமாக்கிப் பரப்பி, அதன் மேல் ஒன்றரை அங்குலம் கழுவிய மணல் போட வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஏழு லிட்டர் பிடிக்கும். ஆற்று மணலுக்குத் தட்டுப்பாடு; இப்போது கட்டட வேலைக்கு வருவது பெரும்பாலும் கருங்கல்லை உடைத்த எம்-சாண்ட். அது தண்ணீரைக் கெடுக்காது. ஆனால் அதன் முனைகள் கூர்மையானவை. அடியில் மேயும் மீன்களின் மீசையை அறுத்துவிடும். அத்தகைய மீன்களை வளர்ப்பவர்கள் உருண்டை மணலே தேட வேண்டும். தண்ணீரை ஒரு சாப்பாட்டுத் தட்டின் மேல் மெதுவாக ஊற்றினால் மண் கிளம்பாது.

மண் அதிகமானால் நல்லது என்று நினைத்து மூன்று நாலு அங்குலம் போடுபவர்கள் உண்டு. அது ஆபத்து. காற்றே புகாத ஆழத்தில் சேறு கறுத்து, அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு உண்டாகும். ஹைட்ரஜன் சல்பைடு என்ற அந்த வாயு மீனைக் கொல்லும். வாரம் ஒரு முறை மெல்லிய குச்சியால் அங்கங்கே குத்தி விடலாம். நம் குளங்களிலேயே காணப்படும் கூம்பு வடிவச் சிறு நத்தைகள் இந்த வேலையைக் கூலி கேட்காமல் செய்யும். பகலில் மணலுக்குள் புதைந்து கிளறும். விளக்கணைந்த பின் மேலே வரும். வாரிங்டனின் நத்தைகள் அழுகிய இலையைத் தின்றன; இவை உழவும் செய்கின்றன.

செடிகளை முதல் நாளே நெருக்கமாக நட்டுவிடலாம். மீனுக்கு நான்கு வாரமாவது பொறுக்க வேண்டும். ஒரு மண்டலம் பொறுத்தால் இன்னும் நல்லது.

கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது

அழகுக்கு வைக்கும் கல்லிலும் எச்சரிக்கை தேவை. தரை போட்டது போக மிஞ்சிய ஷாபாத் துண்டு, சமையல் மேடை போட்டது போக மிஞ்சிய கடப்பைக் கல், இவற்றை அடுக்கிக் குகை கட்டுவது பலர் வழக்கம். இரண்டுமே சுண்ணாம்புக் கல் வகை. மெதுவாகக் கரைந்து தண்ணீரின் கடினத்தைக் கூட்டிக்கொண்டே இருக்கும். ஆப்பிரிக்க மீனுக்கு அதுவே மருந்து. டெட்ராவுக்கு அதுவே கேடு. கல்லைக் கொஞ்சம் சுரண்டி, அந்தப் பொடியின் மேல் காடியை, அதாவது வினிகரைச் சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு. கருங்கல்லும் வெள்ளை வெங்கச்சங்கல்லும் அசைந்து கொடுக்காது. மாரெட்பள்ளித் தெருவோரத்தில் கிடக்கும் கருங்கல் சில்லே எல்லா மீனுக்கும் பாதுகாப்பானது, காசும் கிடையாது.

பிளாஸ்டர் ஆப் பாரிஸ் பொம்மைகளைப் போடுவது இன்னும் மோசம். அது கால்சியம் சல்பேட். கரைந்து கடினத்தைக் கூட்டுவதோடு, அடியில் அந்த அழுகிய முட்டை வாயுவுக்கு மூலப்பொருளாகவும் ஆகிறது.

பவளக் கல் விஷயம் சட்டத்தில் போய் முடியும். தண்ணீரைக் காரமாக வைக்கப் பவளத் துண்டு போடும் வழக்கம் உலகெங்கும் உண்டு. ராமேஸ்வரம் போய்வரும் சொந்தக்காரர்களிடம் ‘ஒரு பை பவளம் கொண்டு வா’ என்று சொல்லி அனுப்புபவர்கள் முன்பெல்லாம் இருந்தார்கள். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காக வெட்டி எடுக்கப்பட்ட பவளத் திட்டுகள் கொஞ்சமல்ல. 1986-ல் அங்கே கடல் தேசியப் பூங்கா அமைந்தது. 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில் சேர்க்கப்பட்டன. செத்த பவளம்தானே என்று வாதம் பண்ணிப் பயனில்லை. ஷாபாத் துண்டு செய்யும் வேலைக்குப் பவளம் எதற்கு?

குளத்திலிருந்து தொட்டிக்கு

செடிகளிலும் அயல் சரக்கையே தேட வேண்டியதில்லை. ஞாபக சக்திக்கு என்று குழந்தைகளுக்குக் கொடுக்கும் நீர்ப்பிரமி, நீருக்குள் மூழ்கியே வளரும். வெளிநாட்டார் அதைப் பகோப்பா என்று தொட்டியில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். நாலு இலை ஆரைக்கீரை தரையோடு படர்ந்து புல்வெளி போலாகும். மூதுரை படித்தவர்கள் பெயரளவில் அறிந்த கொட்டி, கிழங்கோடு நட்டால் அலையலையாக இலை விடும். இவை மூன்றுக்கும் வேர் வழியாகச் சோறு வேண்டும். மண் இட்ட தொட்டியில்தான் இவற்றின் முழு அழகு தெரியும்.

எங்கிருந்து கொண்டு வருவது என்பதில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். சாக்கடை கலக்கும் நகரத்து ஏரிகளில் கை வைக்க வேண்டாம். ஊர்ப்புறக் குளங்களே நல்லது. தெலங்கானாவில் சுமார் 46 ஆயிரம் குளங்களைத் தூர் வார வேண்டும் என்று 2015-ல் மிஷன் காகதீயா தொடங்கப்பட்டபோது, வாரிய வண்டலை விவசாயிகள் டிராக்டரில் அள்ளிப் போய் வயலில் கொட்டினார்கள். பயிர் கேட்கும் அதே சத்தைத்தான் தொட்டிச் செடியும் கேட்கிறது. கரிசலுக்குப் பதிலாக அந்த வண்டலைச் சேர்ப்பதும் உண்டு; ஊற வைப்பதும் காய வைப்பதும் இன்னும் இரண்டு தடவை கூடுதலாகச் செய்ய வேண்டியிருக்கும்.

தொட்டியில் இருப்பதைக் குளத்தில் கொண்டு போய் விடுவது மட்டும் எந்தக் காலத்திலும் வேண்டாம். தொட்டிக் கண்ணாடியை நக்கிச் சுத்தம் செய்யும் என்று வாங்கிய அமெரிக்கக் கெளுத்தி வளர்ந்து பெரிதானதும், பாவம் என்று ஏரியில் விட்டவர்களின் புண்ணியத்தால், இன்று அது இந்தியாவின் பல நீர்நிலைகளில் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு மூன்று ஆண்டுகளில் அடிமண்ணின் சத்துக் குறையும். செடி சோர்ந்து புது இலை சிறுத்தால் அதுவே அடையாளம். தொட்டியைக் கலைக்கத் தேவையில்லை. பதப்படுத்திய மண்ணைக் குயவர் களிமண்ணோடு பிசைந்து, கோலிக் குண்டு அளவில் உருட்டி நிழலில் காய வைத்து, வேருக்குப் பக்கத்தில் மணலுக்குள் அழுத்தி விட்டால் இன்னும் பல மாதம் ஓடும். என்றாவது ஒரு நாள் தொட்டியை அடியோடு கலைக்க நேர்ந்தால், அந்தக் கறுத்த மண்ணைக் குப்பையில் கொட்டாமல் வாசல் கறிவேப்பிலைக்குப் போடுங்கள்.